பேச விடுங்கள், ஐயா!

கல்யாண ரிசப்ஷன்களில் டி.ஜே. என்று ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். நடனம் ஆரம்பமான பிறகு அவர் என்ன செய்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆட்டத்துக்குத் தாளம் உரக்கத்தான் இருக்க வேண்டும். என் வழக்கெல்லாம் அதற்கு முந்திய ஒன்றரை மணி நேரத்தைப் பற்றியது.

அந்த நேரம் யாருடையது? தென்காசியிலிருந்து ராத்திரி ரயிலேறி வந்த அத்தையுடையது. மும்பையிலிருந்து வந்த சித்தப்பாவுடையது. அக்காவும் தம்பியும் பத்து வருஷம் கழித்துச் சந்திக்கிறார்கள். அத்தை ஏதோ கேட்கிறாள். சித்தப்பா காதருகே கையைக் குவித்து, "என்ன?" என்கிறார். மூன்றாம் தடவை அத்தை வெறுமே சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறாள். அவள் கேட்க வந்தது என்னவோ, கேட்காமலே ஊருக்குத் திரும்பிவிடுவாள்.

"கலகலப்பு வேண்டாமா?" என்பார்கள். வேண்டும், ஆனால் அது மனிதர்கள் பேசுவதால் உண்டாவது. சத்தத்தின் நடுவே மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான் என்பதை லோம்பார்ட் என்ற பிரெஞ்சுக் காது வைத்தியர் 1911-லேயே எழுதிவிட்டார். டி.ஜே. பாட்டை உயர்த்துகிறார், ஜனங்கள் குரலை உயர்த்துகிறார்கள், பாட்டு அமுங்கிவிட்டதே என்று அவர் இன்னும் ஒரு திருகு திருகுகிறார். ஏலக்கடைதான்!

நாதஸ்வரமும் தவிலும் மட்டும் மெதுவாகவா ஒலிக்கின்றன என்று ஒரு நண்பர் மடக்கினார். இல்லைதான். தாலி ஏறும் சமயத்தில் தும்மலோ அபசகுனமான சொல்லோ காதில் விழக்கூடாது என்பதற்காகவே ஏற்பட்டது கெட்டிமேளம். ஆனால் புரோகிதர் கை காட்டினால் எழுகிறது. முடிச்சு விழுந்ததும் தணிகிறது. டி.ஜே.க்குக் கை காட்ட யார் இருக்கிறார்கள்?

பாரிஸில் எரிக் சாட்டீ என்ற சங்கீதக்காரர் 1920-ல், நாடக இடைவேளையில் வாசிப்பதற்கென்றே ஒரு சங்கீதம் அமைத்தார். ஜனங்கள் பேச்சை நிறுத்திக் கேட்கத் தொடங்கியதும் அவருக்குப் பொறுக்கவில்லை. கேட்காதீர்கள், பேசிக்கொண்டிருங்கள் என்று அவர்களை விரட்டினாராம். அந்த மனிதரின் அடக்கத்தில் காலே அரைக்கால் பங்கு போதும் நமக்கு.

நடனத்துக்கு முன்பு வார்த்தையில்லாத வாத்திய இசை போதும். பாட்டில் வரும் சொல் பேச்சில் வரும் சொல்லோடு மல்லுக்கு நிற்கும். ஒலிபெருக்கி நாற்காலிகளைப் பார்க்காமல் ஆடும் இடத்தைப் பார்க்கட்டும். சத்தம் எவ்வளவு என்று அளக்கக் கருவி வேண்டாம். மூன்றாவது வரிசைப் பாட்டி, "மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம்?" என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் ரகசியமாகக் கேட்டு, ரகசியமாகவே பதிலும் பெற வேண்டும்.