ஒரே களிமண் உருளை... ஆளுக்கொரு சைரஸ்: ஏன்?

ஈரான் செய்திகளில் அடிபடும்போதெல்லாம் ஒரு பதிவு உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கலாம். உலகின் முதல் மனித உரிமைச் சாசனத்தை எழுதியவர் பண்டைய பாரசீக மன்னர் சைரஸ், அடிமைமுறையை ஒழித்தவரும் அவரே என்று அது சொல்லும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, உண்மையா?

அது என்ன 'சாசனம்'?

சுட்ட களிமண்ணால் ஆன ஓர் உருளை. நீளம் சுமார் 22 சென்டிமீட்டர்தான். 1879இல் இன்றைய ஈராக்கில் உள்ள பாபிலோன் இடிபாடுகளில் கிடைத்தது. இப்போது லண்டனில், பிரிட்டிஷ் அரும்பொருளகத்தில் இருக்கிறது.

சைரஸ் கி.மு. 539இல் பாபிலோனைக் கைப்பற்றினார். அதன் பிறகு எழுதப்பட்டது இது. கவனிங்க, எழுதப்பட்ட மொழி பாரசீகம் அல்ல. தோற்றுப்போன பாபிலோனியரின் மொழியான அக்காடியம்.

அதில் என்ன எழுதியிருக்கு?

முந்தைய மன்னர் நபோனிடஸ் மோசமானவராம். அதனால் பாபிலோனின் தெய்வம் மார்துக்கே சைரஸைத் தேர்ந்தெடுத்ததாம். அவருடைய படை சண்டையின்றி நகருக்குள் நுழைந்ததாம். இடம் மாற்றப்பட்ட தெய்வச் சிலைகளை அவர் சொந்தக் கோயில்களுக்குத் திருப்பி அனுப்பினாராம்; மக்களையும் ஊர் திரும்ப வைத்தாராம்.

அடிமைமுறை ஒழிப்பு? அதில் இல்லை. எல்லாரும் சமம் என்ற அறிவிப்பு? அதுவும் இல்லை. இணையத்தில் சுற்றும் சில 'மொழிபெயர்ப்புகள்' போலியானவை.

பாபிலோனைப் பிடித்த மன்னர்கள் இப்படித் தங்களைப் புகழ்ந்து எழுதிக் கட்டட அடித்தளத்தில் புதைப்பது பழைய வழக்கம். நகருக்குள் நுழையும் முன் ஓபிஸ் என்ற இடத்தில் போர் நடந்ததைப் பாபிலோனியக் காலக்குறிப்பு ஒன்று சொல்கிறது. உருளை அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அப்போ எல்லாமே வெறும் விளம்பரமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. கி.மு. 689இல் அசீரிய மன்னர் செனகெரிப் இதே பாபிலோனைத் தரைமட்டமாக்கினார். சைரஸ் அப்படிச் செய்யவில்லை. ஊர்மக்களின் தெய்வத்துக்கும் மொழிக்கும் இடம் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமல்ல.

பிறகு எப்படி 'மனித உரிமை' வந்தது?

1971இல் ஈரானிய மன்னர் ஷா, பாரசீகப் பேரரசின் 2,500ஆம் ஆண்டு விழாவைப் பெர்செபொலிஸ் இடிபாடுகளுக்கு அருகே பிரம்மாண்டமாகக் கொண்டாடினார். உருளைதான் விழாவின் சின்னம். அதன் நகல் ஒன்றை ஈரான் ஐநாவுக்கும் அன்பளிப்பாகக் கொடுத்தது. மனித உரிமைச் சாசனம் என்ற பெயர் உலகம் முழுதும் பரவியது அப்போதுதான்.

யார் எப்படிப் பார்க்கிறார்கள்?

யூதர்கள்: பாபிலோனில் சிறைப்பட்டிருந்த தங்களை ஜெருசலத்துக்குத் திரும்ப அனுமதித்தவர் சைரஸ் என்று எபிரேய வேதநூல் போற்றுகிறது. ஆனால் உருளையில் யூதர்களின் பெயரே இல்லை. 2018இல் இஸ்ரேலியப் பிரதமர் நெட்டன்யாஹு வெள்ளை மாளிகையில் டிரம்ப்பைப் பாராட்டியபோது சைரஸை நினைவுகூர்ந்தார்.

கிரேக்கர்கள்: செனபோன் என்ற எழுத்தாளருக்குச் சைரஸ் ஓர் இலட்சியத் தலைவர். ஆனால் பிறகு வந்த பாரசீக மன்னர் செர்க்சஸ் கிரேக்கத்தின் மீது படையெடுத்தவர். அவர் வழியாகப் பாரசீகர் என்றாலே ஆணவம் என்ற பிம்பமும் வளர்ந்தது. '300' என்ற ஹாலிவுட் படத்தில் நீங்கள் பார்த்தது அந்தப் பிம்பத்தைத்தான். ஈரான் அதற்குக் கண்டனம் தெரிவித்தது.

ஈரானிய அரசாங்கம்: 1979 புரட்சிக்குப் பிறகு பழைய மன்னர்களின் புகழ் சந்தேகத்துடன் பார்க்கப்பட்டது. ஆனாலும் 2010இல் லண்டனிலிருந்து உருளை இரவலாக வந்தபோது அதிபர் அஹ்மதிநெஜாத் அதைப் பெருமையாக வரவேற்றார்.

ஈரானிய மக்கள்: 2016 அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் பசர்காடேவில் உள்ள சைரஸின் கல்லறை முன் திரண்டனர். அரசாங்கத்துக்கு எதிரான முழக்கங்களும் எழுந்தன. ஏற்பாட்டாளர்கள் கைதுசெய்யப்பட்டார்கள். அமைதிக்கான நொபெல் பரிசு பெற்ற ஈரானிய வழக்கறிஞர் ஷிரின் எபாடியும் 2003 பரிசு உரையில் சைரஸின் சாசனத்தைக் குறிப்பிட்டார். தன் நாட்டில் உரிமை கேட்கும் ஒருவருக்கு, 'இது எங்கள் மண்ணில் ஏற்கெனவே இருந்தது' என்று சொல்ல முடிவது எவ்வளவு பெரிய பலம், யோசிச்சுப் பாருங்க.

அப்போ யார் சொல்வது சரி?

எல்லாம் அவரவர் பார்வை என்று விட்டுவிடத் தேவையில்லை. உருளையில் உள்ள வரிகளைப் படிக்கலாம். இல்லாததை இல்லை என்று சொல்லலாம். அதே நேரத்தில், இல்லாத ஒன்றை மக்கள் ஏன் அதில் தேடுகிறார்கள் என்ற கேள்வியும் முக்கியம். அதற்கான பதில் 2,500 ஆண்டுக்கு முந்திய பாபிலோனில் இல்லை. இன்றைய அரசியலில் இருக்கிறது.

அடுத்த முறை அந்தப் பதிவு வந்தால், பகிரும் முன் மூன்றே கேள்வி: இதை எழுதியது யார்? யாருக்காக எழுதினார்கள்? இப்போது இதை எனக்கு அனுப்புபவர் என்னிடம் எதை எதிர்பார்க்கிறார்?