நோயியல் இடம்: கல்லூரிப் பெயரா, துறையா?

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விலை பேசுவதில்லை. மூன்றாண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் இளம் மருத்துவர்களோ பல நேரம் கல்லூரியின் பெயரைக் கேட்டதுமே முடிவெடுத்துவிடுகிறார்கள். பேதாலஜி என்னும் நோயியலில் எம்.டி. சேர விரும்புகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் நுழைவாயில்களைத் தெரிந்துகொள்வோம். கோரிமேட்டிலுள்ள ஜிப்மர், 1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது; 2008 முதல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். அங்கே சேர ஐ.என்.ஐ. செட் தேர்வு எழுத வேண்டும். அது ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி போன்றவற்றுக்கும் டி.என்.பி. (தேசிய வாரியப் பட்டயம்) இடங்களுக்கும் நீட் பி.ஜி. தேர்வுதான் அடிப்படை.

அமெரிக்காவில் துறையினர் மாணவரை நேர்காணலுக்கு அழைப்பார்கள். இரு தரப்பும் விருப்பப் பட்டியல் கொடுக்கும். இங்கே தரவரிசையும் கலந்தாய்வும்தான். ஆகவே, துறை எப்படிப்பட்டது என்று விசாரிக்கும் பொறுப்பு முழுவதும் மாணவருடையது. கலந்தாய்வுக்கு முன்பே அங்கு படிக்கும் சீனியர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, என்னென்ன வருகிறது? பெரிய பொது மருத்துவமனையில் காசநோய் நெறிக்கட்டி முதல் சிறுநீரக பயாப்ஸி வரை பலவகை மாதிரிகள் வரும். புற்றுநோய் மருத்துவமனையில் கட்டிகளை ஆழமாகக் கற்கலாம்; மற்றவை குறையும். ஊசி உறிஞ்சல், ரத்தவியல், ரத்த வங்கி ஆகியவற்றில் எத்தனை மாதப் பயிற்சி என்பதையும் கேளுங்கள்.

இரண்டு, கிராஸிங் யார் செய்கிறார்கள்? அறுவை அரங்கிலிருந்து வரும் உறுப்பை அளந்து, வெட்டி, சரியான துண்டுகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை அது. நோயுள்ள துண்டு விடுபட்டால் எந்த நுண்ணோக்கியாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. கற்றுக்கொடுக்க ஒருவர் பக்கத்தில் நிற்க, உங்கள் கையால் அதைச் செய்ய வேண்டும்.

மூன்று, அறிக்கையை முதலில் எழுதுவது யார்? இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். மாணவர் தன் முடிவை எழுதிவைத்த பிறகு, ஆசிரியர் அதே ஸ்லைடைப் பல பார்வைமுனை கொண்ட நுண்ணோக்கியில் உடன் அமர்ந்து பார்த்து, எங்கே தவறியது என்று காட்டும் துறையில்தான் கண் பழகும். ஸ்லைடுகள் மலைபோல் குவிந்தும் திருத்த ஆளில்லையென்றால் பிழையே பழக்கமாகிவிடும்.

உதவித்தொகை, சேவை ஒப்பந்தம், வீட்டுக்கு அருகில் இருத்தல் ஆகியவையும் நியாயமான காரணங்களே. அவற்றை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால், இந்த மூன்று கேள்விகளுக்குப் பிறகு அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மார்பில் கட்டியோடு வரும் பெண், நோயியல் மருத்துவரைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. அந்த மருத்துவர் எழுதும் ஒரு வரியை வைத்துத்தான் அந்தப் பெண்ணுக்கு அறுவை சிகிச்சையா, மருந்தா, நிம்மதியாக வீடு திரும்பலாமா என்பது முடிவாகிறது. அந்த வரியைப் பிழையின்றி எழுத எங்கே கற்கலாமோ, அங்கே சேருங்கள்.