விசைப்பலகையின் மேற் பழி

மடிக்கணினியில் விண்டோசைப் புதிதாக நிறுவியதும் விசைகள் தாறுமாறாக எழுதினால், பலகை பழுதென்று விலை கொடுத்து மாற்றுவோர் உளர். சற்றுப் பொறுக்குமாறு பெற்றோரை வேண்டுகிறோம். நிறுவுகையில் பிரித்தானிய விசையொழுங்கு தெரிவாகியிருக்கலாம். அவ்வாறாயின், அமெரிக்கப் பலகையில் 2 இன் மேலுள்ள @ குறியை அழுத்த மேற்கோட்குறி விழும். கடவுச்சொல் செல்லாது; விண்ணப்ப முடிவு நாளாயின் மாணவன் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ? அமைப்புகளின் மொழிப் பகுதியில் அமெரிக்க ஒழுங்கைச் சேர்த்துத் தெரிவுசெய்தாற் போதும், காசு செலவில்லை. சிறு மடிக்கணினிகளில் ஜே, கே, எல் என்பன 1, 2, 3 ஆக விழுமாயின், எண்பூட்டு விசையையே நாம் ஐயுறுவோம். விசைகள் யாவும் ஊமையாயின், விண்டோஸ் எழுமுன் பயோஸ் திரையில் அம்புக்குறி விசைகளை அழுத்திப் பாருங்கள். அங்கே அவை இயங்கினால் குறை பெரும்பாலும் இயக்கி மென்பொருளில்தான். உற்பத்தியாளரின் இணையத்தளத்திலிருந்து அதனைப் பெற்று நிறுவலாம். அங்கும் இயங்காவிடின் மாத்திரமே திருத்துநரை நாடுவது தகும்.