நியூட்ரோஅமீன் தீர்ந்தால்தான் வியாபாரி கண்ணுக்குத் தெரிகிறார்

இன்னைக்கு ஒரு விளையாட்டு இழை. கொஞ்சம் மருத்துவமும் வரும், பொறுத்துக்கோங்க.

ரிம்வேர்ல்ட் தெரியாதவங்களுக்கு: விண்கலம் உடைஞ்சு ஏதோ ஒரு கிரகத்தில் விழுந்த சில பேரை வெச்சு காலனி கட்டணும். விதைப்பு, சமையல், சண்டை, அறுவை சிகிச்சை எல்லாம் உண்டு. வியாபாரமும் உண்டு. அதுதான் சப்புன்னு இருக்கு.

அடிப்படைக் கணக்கில் 100 வெள்ளி மதிப்புள்ள பொருளை வாங்கினா 140, வித்தா 60. பேசத் தெரிஞ்ச ஆளை அனுப்பினா இடைவெளி கொஞ்சம் குறையும். விற்கிற விலையைக் கூட்டினா சரியாயிடும்னு பலர் சொல்றாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சேர்ற வெள்ளியும் காலனியின் சொத்துக் கணக்கில்தான் ஏறும். சொத்து ஏற ஏற, கொள்ளைக்கு வர்ற படையும் பெருசாகும். லாபம் பார்த்தவனுக்குத்தான் அடி அதிகம்!

வியாபாரம் உயிரோட இருக்கிற ஒரே இடம் மருந்து மேசை. ஒரு மருந்து செய்ய மூணு துணி, ஒரு மூலிகை மருந்து, ஒரு நியூட்ரோஅமீன் வேணும். பருத்தியும் மூலிகையும் நம்ம நிலத்திலேயே விளையும். நியூட்ரோஅமீனை எந்த மேசையிலும் செய்ய முடியாது, வெளியிலிருந்துதான் வரணும். மலேரியா வராம தடுக்கிற பெனாக்ஸிசைக்ளினுக்கும் அதே கதை. மருந்து மூலப்பொருளுக்குச் சீனாவை நம்பியிருக்கிற நமக்கு இது புதுசில்லை. 2020 மார்ச்சில் பாராசிட்டமால் ஏற்றுமதிக்கே இந்தியா கட்டுப்பாடு போட்டது ஞாபகம் இருக்கா?

ஆனா அந்தச் சரக்கு எப்ப வரும்? வர்ற கப்பல் அதிர்ஷ்டம். கூட்டாளிகளைக் கூப்பிட்டு எந்த மாதிரி வியாபாரி வேணும்னு கேட்கலாம். அவர் மூட்டையில் என்ன இருக்கும் என்பது மறுபடி அதிர்ஷ்டம்.

நான் கேட்பது முன்பதிவு. "அடுத்த பருவத்துக்கு 60 நியூட்ரோஅமீன், இந்தா முன்பணம்." வர்ற வழியில் அவங்களைக் கொள்ளைக்காரன் மறிச்சா, காப்பாத்தப் போறது என் பொறுப்பு. போன தடவை என் டாக்டர் காயத்துக்குத் தையல் போட்டு அனுப்பிய வியாபாரி, இந்தத் தடவை அதை நினைவு வெச்சு விலை சொல்லணும். இப்போ அவர் கூட்டத்தோட நல்லுறவு எண் ஏறுது, அவ்வளவுதான்.

இன்னொண்ணு. இதில் லாபமான சரக்கு எதுன்னு பழைய ஆட்டக்காரங்களைக் கேளுங்க. கைதியோட சிறுநீரகம்னு சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. நம்ம நாட்டில் உறுப்பு விற்பனை 1994 சட்டப்படி குற்றம். விளையாட்டைத் திட்டலை, அதைச் செஞ்சா காலனிக்காரங்க மனநிலை சரியும்னு ஒரு விலை வெச்சிருக்காங்க. ஆனா அரிசி விளைவிச்சு வித்தா கூலிகூட மிஞ்சாதுன்னா ஆட்டக்காரன் கத்தியைத்தான் எடுப்பான். பஞ்சம் வந்த ஊரில் அரிசி விலை ஏறட்டும், ஒட்டகத்தில் ஏத்திட்டு நானே போறேன்.

எப்பவாவது ஒரு ஊர் "எங்களுக்கு இது வேணும், கொண்டுவாங்க"ன்னு கேட்கும். எனக்குப் பிடிச்ச பயணமே அதுதான். அதை ஏன் வழக்கமாக்கக் கூடாது?

"மோட் போட்டு ஆடுங்க டாக்டர்"னு வருவீங்க, தெரியும். நான் பேசுறது மூல ஆட்டத்தைப் பத்தி.