போன்சாய்க்கு மார்ச் வேணாம், ஆடி வரட்டும்

போன்சாய் புத்தகம் எதைப் புரட்டினாலும் வசந்தத் தொடக்கத்தில் தொட்டி மாத்தச் சொல்லும். அது ஜப்பான் கணக்குங்க. அங்கே மேப்பிள் குளிரில் தூங்கி, மார்ச்சில் மொட்டு விடும். நம்ம ஆலும் இச்சியும் எங்கே அப்படித் தூங்குது? திருவண்ணாமலையில் மார்ச்சில் வேரை வெட்டினா, புது வேர் பிடிக்கிறதுக்குள்ள சித்திரை வெயில் வந்து நிக்கும். மலைப்பாறை வேற ராத்திரியும் சூட்டைக் கக்கும். பத்து வருஷ மரம் பத்தே நாளில் கருகிடும்.

என் கட்சி ஆடிக் கடைசி, ஆவணி. அப்பப்போ சாயங்கால மழை. வெக்கை குறைஞ்சாலும் மண்ணில் கதகதப்பு இருக்கும், வேர் சட்டுனு ஓடும். தீபத்துக்கு அப்புறம்னா பனி, வளர்ச்சி மந்தம்.

டொரண்டோவில் வீட்டுக்குள்ள ஆல் வளர்க்கிற நம்மாளுங்களுக்கு ஜூன் கடைசி சரி. ராத்திரிக் குளிர் விட்டிருக்கணும். எந்த ஊரானாலும் மாத்தினதும் நிழல்தான். புதுத் துளிர் தெரியற வரைக்கும் உரம் கிடையாது.