பெங்களூராவும் இணையக் கடையும்

எங்கள் பகுதியில் சில ஆண்டுகளாக ஒரு கேள்வி ஓயாமல் கேட்கப்படுகிறது: "இணையத்தில் விற்க எந்தத் தளம் நல்லது?" ஆலையில் வேலை இழந்தவர், வீட்டிலிருந்தபடியே சேலை விற்கும் பெண், சூளகிரிப் பக்கம் ராகியும் சாமையும் அரைத்துப் பொட்டலமிடும் இளைஞர், கவிதைத் தொகுப்பை அச்சிட்டுப் பரணில் அடுக்கி வைத்திருக்கும் நண்பர், அனைவரும் இதையே கேட்கிறார்கள். பதில் சொல்லப் பயிற்சி முகாம்களும் நடக்கின்றன. அரைநாள், மதிய உணவு உட்பட. அங்கே திரையில் ஒரு பட்டியல் விரியும். மாத வாடகை இவ்வளவு, கமிஷன் இவ்வளவு, அனுப்பும் செலவு இவ்வளவு. பட்டியலின் முடிவில் எப்போதும் ஒரே தீர்ப்புதான்: சொந்தக் கடை வீண்செலவு, பெரிய சந்தைத் தளம் ஒன்றில் சேர்ந்துவிடுங்கள், வாங்குபவர்கள் கோடிக்கணக்கில் அங்கே இருக்கிறார்கள்.

இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் தரப்பு. பட்டியலில் உள்ள எண்கள் சரியாகவே இருக்கலாம். ஆனால் முதலில் இருக்க வேண்டிய கேள்வி அதில் இல்லை. வாங்கியவரின் பெயரும் முகவரியும் யாருடைய கையேட்டில் எழுதப்படுகின்றன? அதைக் கேட்காமல் கமிஷனை ஒப்பிடுவது, கிரயப் பத்திரம் யார் பெயரில் என்று பாராமல் சுவரின் வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதைப் போன்றது.

இதை வேறெந்த ஊருக்கு விளக்க நேர்ந்தாலும் ஓசூருக்கு விளக்க நேரக் கூடாது. இங்கே பாதி ஊர் 'ஜாப் ஒர்க்' என்ற சொல்லை உண்டு வளர்ந்தது. பெரிய ஆலை டிராயிங் தரும். பல நேரங்களில் இரும்பும் அதுவே தரும். பட்டறைக்காரர் லேத்தையும் உழைப்பையும் தருவார். அவர் கடைந்த உதிரிப்பாகம் எந்த வண்டியில் ஏறுகிறது, அந்த வண்டி யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. வண்டி வாங்கியவருக்கும் இவர் பெயர் தெரியாது. ஆண்டுக்கணக்கில் சீராக ஓடும் ஏற்பாடுதான் இது. பிள்ளைகள் பொறியியல் படித்தார்கள், மாடிவீடு எழுந்தது. நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் 2019 செப்டம்பரில், வாகனச் சந்தை சரிந்தபோது, அசோக் லேலண்ட் தன் ஓசூர் ஆலைகளுக்கும் வேலையில்லா நாட்களை அறிவித்தது. ஆலைக்கு அது சில நாள் ஓய்வு. ஒரே ஆலையை நம்பியிருக்கும் பட்டறைக்கு அது வங்கித் தவணை. அத்தகைய பட்டறைக்காரர் தன் பொருளை வேறெவருக்கும் விற்றுவிட முடியாது. ஏனென்றால் அவரிடம் பொருள் என்று எதுவும் இல்லை. பிறர் டிராயிங்கின்படி கடைந்த உலோகத் துண்டுகள்தான் இருக்கின்றன.

சந்தைத் தளத்தில் மட்டும் விற்பவர் இணையத்தில் ஜாப் ஒர்க் செய்கிறார். ஒரே வேறுபாடு, பட்டறைக்காரருக்குத் தான் ஜாப் ஒர்க் செய்கிறோம் என்பது தெரியும். இவர் தன்னை முதலாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச் சாவடியைக் காட்டுகிறார். வரும் பொதிகள், போகும் பொதிகள் அனைத்தின்மீதும் சோழனின் புலிச் சின்னம் பொறிக்கப்படுகிறது. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் இன்றைய அட்டைப்பெட்டிகள் என் நினைவில் வரும். நம் வாசலில் வந்திறங்கும் பெட்டியின்மீதும் ஒரு சின்னம் இருக்கிறது. உள்ளே இருப்பது தேனானாலும் புளியானாலும் புத்தகமானாலும் ஒரே சின்னம். ஆனால் கரிகாலனின் அதிகாரிகள் சுங்கம் வாங்கிக்கொண்டு வணிகனை அவன் வழியில் விட்டார்கள். அவனுடைய கொள்முதல்காரர் யார் என்று குறித்துவைத்து, எது நன்றாக விற்கிறது என்று கணக்கெடுத்து, அதே பண்டத்தை அரண்மனைப் பெயரில் பக்கத்துக் கடையில் குவிக்கவில்லை. அமேசான் இந்தியாவில் பிறர் பொருட்களைப் பார்த்துத் தன் சொந்த முத்திரைப் பொருட்களை உருவாக்கியது, தேடல் முடிவுகளில் அவற்றை மேலே ஏற்றியது என்று நிறுவனத்தின் உள் ஆவணங்களை முன்வைத்து ராய்ட்டர்ஸ் 2021 அக்டோபரில் எழுதியது. நிறுவனம் அதை மறுத்தது. அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் தேர்ந்தெடுத்த சில விற்பனையாளர்களுக்குச் சலுகை காட்டின என்று இந்தியப் போட்டி ஆணையத்தின் விசாரணைப் பிரிவு முடிவுக்கு வந்தது 2024இல் வெளியானது. ஆகவே இது என் கற்பனைக் கசப்பு மட்டுமல்ல.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு எடுத்துக்காட்டும் வீட்டிலேயே இருக்கிறது. கூழ் ஆலைகளுக்குச் செல்லும் நம் கிளிமூக்கு மாம்பழத்துக்கு இங்கே வழங்கும் பெயர் பெங்களூரா. வேர் நம் மண்ணில், தண்ணீர் நம் கிணற்றில், பெயர் பக்கத்து நகரத்துடையது. விலையைக் கூழ் ஆலை சொல்லும். 2025 பருவத்தில் அந்த விலை எங்கே போய் விழுந்தது என்பதைத் தோப்பு வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். பழத்தைக் கூடையில் வைத்து நேராக வீட்டுக்கு விற்க முடிந்த தோப்புக்காரருக்கும் ஆலை வாசலில் டிராக்டரோடு வரிசையில் நின்றவருக்கும் இடையே அந்த ஆண்டு இருந்த தூரமே நான் சொல்ல வருவது.

"பெரிய தளம், மூடிவிட மாட்டார்கள்" என்பது அடுத்த வாதம். ஈபே இந்தியா பெரிய தளம்தான். 2004இல் பாஸி டாட் காமை வாங்கி இங்கே காலூன்றிய அந்நிறுவனத்தின் இந்தியக் கடை 2017இல் ஃபிளிப்கார்ட்டின் கைக்குப் போனது. 2018 ஆகஸ்டு 14 அன்று மூடப்பட்டது. பல ஆண்டுகள் நேர்மையாக விற்று ஈட்டிய நற்சான்றுகள் அத்தனையும் அன்றோடு போயின. கடையைக் காலி செய்பவர் பெயர்ப்பலகையையாவது கழற்றிக்கொண்டு போகலாம். இங்கே அதுவும் இல்லை. 2020 ஜூன் 29 அன்று அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். அதில் சேலையும் ஊறுகாயும் காட்டி ஆள் சேர்த்தவர்களுக்கு மறுநாள் காலையில் ஒரு தொலைபேசி எண்கூட மிஞ்சவில்லை. இலக்கியவாதிகள் இதையெல்லாம் கடைக்காரர் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. வெஸ்ட்லேண்ட் பதிப்பகத்தை வாங்கிய அமேசான் 2022 பிப்ரவரியில் அதை மூடுவதாக அறிவித்தபோது, எழுத்தாளர்கள் தங்கள் புத்தகங்களின் பிரதிகளைத் தாங்களே தேடி வாங்கி வைக்க வேண்டியிருந்தது. அதன் குழு பிறகு பிரதிலிபியின் துணையோடு மீண்டும் தொடங்கியது நல்லூழ்.

என்னிடம் முன்பு பயின்ற ஒருவர் ராகி மாவும் சாமை முறுக்கும் விற்கிறார். பெரிய சந்தைத் தளம் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் நல்ல வியாபாரம். ஒருநாள் கணக்கு முடக்கப்பட்டது. காரணம் கேட்டு எழுதிய கடிதங்களுக்கெல்லாம் ஒரே வாசகத்தில் பதில் வந்தது. பதினெட்டு நாட்களுக்குப் பிறகு, எந்த விளக்கமும் இன்றி, கணக்கு திறந்தது. அந்தப் பதினெட்டு நாளும் அவரிடம் மாவு இருந்தது, முறுக்கு இருந்தது, பழைய வாடிக்கையாளர்களும் எங்கோ இருந்தார்கள். அவர்கள் யார் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

மறுதரப்பில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சொந்தக் கடை திறந்தால் முதல் மூன்று மாதம் ஈ காக்கை வராது. விளம்பரத்துக்குக் காசு இறைக்க வேண்டும். கேஷ் ஆன் டெலிவரி என்று கேட்டுவிட்டு, பொதி வாசலுக்கு வரும்போது கதவைத் திறக்காத பெருமக்களால் வரும் போக்குவரத்துச் செலவு நம் தலையில். சந்தைத் தளம் இவற்றில் பலவற்றைத் தாங்கிக்கொள்கிறது. ஆகவே அங்கே போக வேண்டாம் என்பதல்ல. வாரச்சந்தைக்குப் போகிறோம், கூடையை இறக்குகிறோம், சுங்கம் கட்டுகிறோம், பொழுது சாய்ந்தால் வீட்டுக்குத் திரும்புகிறோம். திரும்ப ஒரு வீடு வேண்டும் என்பதே என் வாதம். நாலே பண்டம் உள்ள கடையாயினும் அது நம் பெயரில் இருக்க வேண்டும்.

எந்தத் தளத்தில் அந்த வீட்டைக் கட்டுவது என்று கேட்டால், என் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். முதலில் டொமைன் பெயர். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் முடியும் காரியம். இதைத் தளம் அமைத்துத் தரும் தம்பியின் பெயரில் பதிவுசெய்ய விட்டுவிட்டு, பிறகு அவர் தொலைபேசியை எடுக்காமல் தவிக்கும் கடைக்காரர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். நம் மின்னஞ்சலில், நம் பெயரில் இருக்க வேண்டும். அதன்பின் மென்பொருள். வூகாமர்ஸ் இலவசம், 2011இலிருந்து இருக்கிறது, தரவு முழுதும் நம் வழங்கியிலேயே இருக்கும். கொள்கை அளவில் என் மனம் அதன் பக்கம். ஆனால் அதைப் புதுப்பிக்க, பழுது பார்க்க, ஊடுருவலைத் தடுக்க ஓர் ஆள் வேண்டும். இரவில் முறுக்குப் பிழிபவர் அதிகாலையில் வழங்கியோடு மல்லுக்கட்ட முடியாது. முப்பது நாற்பது பண்டங்கள் மட்டுமே விற்கும் ஒருவர் மாத வாடகைத் தளத்துக்குப் போவதே மேல். ஷாப்பிஃபை கனடாவில் பனிச்சறுக்குப் பலகை விற்க முயன்றவர்கள் தங்கள் கடைக்காக எழுதிய மென்பொருளிலிருந்து 2006இல் பிறந்தது. கடைக்காரரின் அன்றாடத் தொல்லை தெரிந்து செய்யப்பட்டது என்பது பயன்படுத்தும்போது புரியும். வாடகை நமக்குச் சற்று கனம்தான். சென்னையில் பிறந்த ஜோஹோவிடமும் இதே வகைச் சேவை உண்டு. இவற்றில் எது என்று நான் தீர்ப்பளிக்கப் போவதில்லை. சேரும் முன்பே வெளியேறும் கதவைத் திறந்து பாருங்கள். வாடிக்கையாளர் பட்டியலையும் விற்பனை வரலாற்றையும் ஒரு கோப்பாகத் தரவிறக்க முடிகிறதா? முடியாவிட்டால் அது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பெருந்தொற்றுக் காலத்தில் அரை நிமிடத்தில் கடை திறக்கலாம் என்று வந்த செயலிகளை நினைவுகொள்ளுங்கள். பெங்களூரின் 'துக்கான்' 2020இல் அப்படித்தான் புகழ்பெற்றது. 2023 ஜூலையில் அதன் நிறுவனரே வாடிக்கையாளர் உதவிக் குழுவில் தொண்ணூறு விழுக்காட்டினரை நீக்கிவிட்டு அரட்டை இயந்திரத்தை அமர்த்தியதைப் பெருமையாக அறிவித்தார்.

எல்லையில் இருப்பதால் நமக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. முகாம்களில் இதை யாரும் சொல்வதில்லை. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருக்கும் பண்ட வணிகர், தமிழ்நாட்டுக்குள் விற்கும்வரை ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே இருக்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் சந்தைத் தளம் வழியாக மாநிலத்துக்குள் விற்கவும் அவருக்கு வழி திறக்கப்பட்டது. ஆனால் வரிக்குரிய பண்டம் மாநில எல்லையைக் கடந்தால் பொதுவாக முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். ஆக ஓசூர்க்காரர் பதிவின்றிக் கன்னியாகுமரிக்கு அனுப்பலாம். ஜூஜூவாடியைத் தாண்டி, ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் அத்திப்பள்ளிக்கு அனுப்ப முடியாது. நம் பெரிய சந்தையோ பெங்களூர்தான். ஆகவே எந்தத் தளம் என்பதற்கு முன், பதிவு எடுப்பதா இல்லையா என்று முடிவு செய்தாக வேண்டும். (புத்தகம் மட்டும் விற்கும் நண்பருக்கு இந்தக் கவலை இல்லை, அச்சுநூலுக்கு வரி கிடையாது.) ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு ஐஹொளெயைத் தலைமையிடமாகக் கொண்டு கன்னடத்திலும் தமிழிலும் கல்வெட்டு வெட்டியது, 1088இல் சுமத்ராவில்கூடத் தமிழில் பொறித்துவைத்தது. அவர்களை இன்று ஜூஜூவாடியில் நிறுத்தினால் என்ன சொல்வார்களோ.

மொழியும் இங்கே வணிகப் பிரச்சினையே. 2020இல் ஃபிளிப்கார்ட்டும் அமேசானும் தமிழிலும் கன்னடத்திலும் கடை காட்டத் தொடங்கின, நல்லதுதான். ஆனால் பண்டத்தின் பெயரை இயந்திரம் மொழிபெயர்க்கும்போது வரும் தமிழை வாசித்துத் துயருற்றவர்களில் நானும் ஒருவன். சொந்தக் கடையில் ஒவ்வொரு பண்டத்தின்கீழும் நாமே நாலு வரி எழுதலாம். தமிழாசிரியன் என்ற முறையில் நான் கேழ்வரகு என்று எழுதச் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன். ராகி என்றால் எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே சொல்.

இத்தனைக்கும் மாற்றுப் பாதைக்கான சான்றும் இதே சிப்காட்டில் நிற்கிறது. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், கைக்கடிகாரத்தைச் செய்து வேறொருவர் பெயருக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம். அது தன் பெயரில் செய்தது. பிறர் கடைகளிலும் விற்றது. ஆனால் தனக்கென்று காட்சிக்கூடங்களையும் திறந்தது. இணையத்தில் நகை விற்க நினைத்தபோது, 2016இல் கேரட்லேன் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கையே வாங்கியது. பெருமுதலாளிக்கு முடியும், நமக்கு முடியுமா என்பார்கள். அவர்கள் செய்த அளவில் முடியாது. நமக்குத் தேவைப்படுவது ஒரு டொமைன் பெயரும், வாங்கியவர்களின் முகவரி அடங்கிய ஒரு கோப்பும். அடுத்த முகாமில் அந்தப் பட்டியல் திரையில் விரியும்போது யாராவது எழுந்து, வாடிக்கையாளர் பெயர்களைத் தரவிறக்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கேளுங்கள். மதிய உணவுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.