கவரிங் என்றால் கேவலமா?



கல்யாண மண்டபத்தில் பெண்ணின் கழுத்தைப் பார்த்து "கவரிங்கா?" என்று கிசுகிசுப்பவர்களைக் கேட்கிறேன்: கவரிங் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

பாரிஸில் கோகோ ஷனேல் போலி முத்துமாலையைத் தானே அணிந்து நாகரிகமாக்கினார். ஜாக்குலின் கென்னடியின் மூன்று சரப் போலி முத்துமாலை 1996-ல் நியூயார்க் ஏலத்தில் 2,11,500 டாலருக்குப் போனது. வடிவமைத்தவர் பெயர் பார்த்துப் பழைய கவரிங் சேகரிப்பவர்கள் அங்கே ஏராளம்.

இங்கே சிதம்பரம் கவரிங் தெரியாத வீடு உண்டா? நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆனால் செய்த ஆசாரியின் பெயரை யாரும் கேட்பதில்லை. பாட்டி காலத்து அட்டிகையைப் பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போடுகிறோம்.

பவுன் ஆசையின் விலை நம் பக்கத்துக்கு நன்றாகத் தெரியும். 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், கல்யாணச் செலவுக்காக மூன்று வருடம் நூற்பாலை விடுதியில் அடைபட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. "உங்க பொண்ணுக்கு நீங்க போடறதுதானுங்களே" என்று நயமாகக் கேட்பதும் வரதட்சணைதான்.

மகனுக்குப் பெண் பார்க்கும் என் மாணவர்களே, எத்தனை பவுன் என்று கேட்காதீர்கள். பாட்டியின் கவரிங் அட்டிகையைத் துடைத்து எடுத்து மருமகளுக்குப் போடுங்கள்.